ஏககாலத்தில் என்றொரு வரி

…இல்லை, குறிப்பேட்டை மூன்றாம் தடவையும் புரட்டிப் பார்த்தாயிற்று, அந்தக் கிடங்குத் திருடனின் மூன்று குற்றத்துக்கும் சுருக்கெழுத்தில் ஐந்து வருடம் இருக்கிறது, மூன்று வருடம் இருக்கிறது, இரண்டு வருடம் இருக்கிறது, அத்தோடு முற்றுப்புள்ளி, நீதிபதி அடுத்த வழக்குக்குப் போய்விட்டார், ஆனால் கணினித் திரையில் மட்டும் 'தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று ஒரு வரி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, யார் சொல்லி இவள் அடித்தாள்? யாரும் சொல்லவில்லை, இருபத்திரண்டு வருடத் தட்டச்சுப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. உனக்கு மூளை விரல் நுனியில் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் மனுஷன்… அந்த ஒரு வரி இருந்தால் மூன்று தண்டனையும் சேர்ந்தே ஓடும், பெரியது முடிவதற்குள் சின்னதெல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிடும், மொத்தம் ஐந்து. வரி இல்லையென்றால் ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று, மொத்தம் பத்து. ஏற்கெனவே உள்ளே கிடந்த பதினான்கு மாதத்தை எப்படியும் கழித்துவிடுவார்கள். மணி இரண்டு, மூன்றுக்குத் தண்டனையை வாசிக்கவேண்டும், சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

எல்லாம் அந்தப் பெண்ணால் வந்தது. அவன் குற்றவாளி என்று காலையிலேயே அறிவித்தாகிவிட்டது, கை கழுவப் போனவளை வராந்தாவில் அவன் மனைவி வழிமறித்தாள், அக்கா, நீங்கதானே டைப் பண்றீங்க, எத்தனை வருஷம்னு மட்டும் சொல்லுங்கக்கா, பொண்ணுக்கு எட்டு வயசாகுது, அப்பா எப்ப வருவார்னு தினம் கேக்கறா… எனக்கொண்ணும் தெரியாதும்மா என்று நகர்ந்துவிட்டாள், தெரியாதா என்ன, ஐந்து என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டு வந்து, எதற்கும் சரிதானா என்று குறிப்பேட்டைத் திறந்தாள், வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டாள். அப்பா வரும்போது அந்தக் குழந்தைக்குப் பன்னிரண்டா, பதினேழா? பன்னிரண்டு என்றால் ஓடி வந்து கட்டிக்கொள்ளும். பதினேழில்?

பாவம் பார்க்க வேண்டிய ஆளா அவன்? கிடங்குக்குள் புகுந்தான், திருடினான், தடுக்க வந்த காவலாளியைக் கம்பியால் அடித்தான், அந்த மனிதர் சாட்சிக் கூண்டில் ஏறும்போது படியைக் காலால் துழாவித் தேடினார், ஒரு கண் போயே போய்விட்டது, மறுகண்ணில் பாதி… அதை நினைத்துத்தான் நீதிபதி அந்த வரியை வேண்டுமென்றே விட்டாரோ? அல்லது மறந்தாரா? காலையிலிருந்து ஏழு வழக்கு, மனிதர்தானே. பேசாமல் இருந்துவிட்டால் இப்படியே கையெழுத்தாகிவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் சொல்லாததை அடிக்க இவள் யார்? போய்க் கேட்டு, வேண்டாம் எடுத்துடுங்க என்று அவர் சொல்லிவிட்டால், வாயைக் கொடுத்து ஐந்து வருடத்தைக் கூட்டிவிட்டவள் இவள்தானே? தீர்ப்பைக் காகிதத்தில் அச்செடுத்தாள்.

எழுந்துவிட்டாள், எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டோம் என்று தெரிந்தது, காகிதத்தோடு போய் நீதிபதியின் அறைக் கதவைத் தட்டினாள், அவர் ஒரு கையில் டீயும் மறுகையில் காகிதக்கட்டுமாக இருந்தார்.

"ஐயா, அந்தக் கிடங்கு வழக்கு… தண்டனை ஏககாலத்துலன்னு நீங்க சொல்லலை. நான் பழக்கத்துல அடிச்சிட்டேன்."

அவர் நிமிரவில்லை. "வழக்கமா என்னம்மா போடுவோம்?"

"ஏககாலம்னுதான் ஐயா."

"அப்போ அப்படியே இருக்கட்டும்." டீயை வைத்துவிட்டுக் கையை நீட்டினார், தீர்ப்பை வாங்கினார், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அப்பாடா என்றுதான் வெளியே வந்தாள், பொய்யில்லை, நெஞ்சு லேசாகத்தான் இருந்தது, நாலடி நடப்பதற்குள் கால் நின்றுவிட்டது… வழக்கமா தனித்தனிதான் ஐயா என்று சொல்லியிருந்தால்? அப்போதும் அப்படியே இருக்கட்டும் என்றிருப்பாரோ? ஐந்து, மூன்று, இரண்டு, ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துத்தான் சொன்னார், மோட்டுவளையைப் பார்த்தபடி சொன்னது இவளுக்கு நினைவிருக்கிறது, ஆனால் மூன்றையும் சேர்த்து யார் பார்த்தார்கள்? இவள் ஒருத்திதான், அதுவும் இன்றைக்குத்தான். இருபத்திரண்டு வருடத்தில் இந்த வரியை எத்தனை தீர்ப்பில் அடித்திருப்பாள், ஒரு தடவையாவது குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததுண்டா? காய்ச்சலோடு வந்து அடித்த நாட்கள் உண்டு, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து எதையோ நினைத்துக்கொண்டு அடித்த நாட்கள் உண்டு, அன்றைக்கெல்லாம் கை இந்த வரியை அடித்ததா, விட்டுவிட்டதா?