தோளில் ஒட்டிய ஐம்பது டாலர்

அந்த நோட்டைக் காலையிலேயே ஒருத்தி வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருந்தாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்த மாதிரி ஆகிவிடும்.

ஆஸ்திரேலியாவில் இன்னிஸ்ஃபெயில் என்ற ஊரில் பெட்ரோல் பங்கோடு சேர்ந்த கடை. இரண்டு ரொட்டியும் நாலு டின் மாட்டிறைச்சியும் எடுத்துக்கொண்டு போய் ஐம்பது டாலரை நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள்.

"வேற நோட்டு இருக்கா?"

"இதுக்கு என்ன?"

"வேற இருந்தா குடுங்களேன்."

எனக்குப் பின்னால் வரிசையில் மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேரும் வெள்ளைக்காரர்கள். நான் வேறு சில்லறை எடுத்துக் கொடுத்துவிட்டு அந்த ஐம்பதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். டோங்கா தீவிலிருந்து வந்து நாலு பருவமாக இங்கே வாழைத் தோட்டத்தில் குலை சுமக்கிறேன். எங்கள் கையிலிருந்து போகும் காசை இந்த ஊரில் இரண்டு முறை பார்ப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். காது சுட்டது. நோட்டைப் பற்றி ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை.

நோட்டு என் மைத்துனன் கெலெபியிடமிருந்து வந்தது. என் மனைவியின் தம்பி. தோட்டத்தில் எங்கள் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன், வேனும் அவன் கையில்தான். சம்பளம் எங்களுக்கு வங்கியில் விழும். ஆனால் சனிக்கிழமை சர்ச் ஹாலில், டோங்காவில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் காசு திரட்ட நடன ஆட்டம் வைத்திருந்தோம், ஆட்டத்துக்குக் கைக்காசு வேண்டும். ஆடுகிற பெண்ணின் மேல் எண்ணெய் தடவியிருப்பார்கள், அந்த எண்ணெயில் நோட்டை ஒட்டிவிட்டு வர வேண்டும். போனில் அனுப்புகிற காசை யார் தோளில் ஒட்டுவது?

"நான் கெய்ர்ன்ஸ் போறேன், எல்லாருக்கும் எடுத்துட்டு வரேன்" என்றான் கெலெபி. அவன் எதற்குக் கெய்ர்ன்ஸ் போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே கடற்கரைப் பக்கம் காசினோ இருக்கிறது. சம்பள வியாழக்கிழமை வந்தால் வேன் தானாக அந்தப் பக்கம் திரும்பும். ஆனாலும் நாங்கள் ஆளுக்கு இருநூறு, முந்நூறு என்று அவன் கணக்குக்கு அனுப்பினோம். வெள்ளிக்கிழமை காலையில் எல்லோருக்கும் மஞ்சள் மஞ்சளாக ஐம்பதுகளைப் பிரித்துக் கொடுத்தான். எனக்கு ஆறு.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. தகரக் கூரையில் மழை. முன்வரிசையில் தோட்டத்து முதலாளியும் அவர் அழைத்திருந்த போலீஸ் சார்ஜென்ட் டாயிலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பன்றிக்கறி தின்றுகொண்டிருந்தார்கள். டாயில் அன்று சீருடையில் இல்லை, அரைக்கால் சட்டையில் வந்திருந்தார்.

லோசலினே ஆட வந்தாள். பழம் அடுக்கும் கொட்டகையில் வண்டி ஓட்டும் ஃபெலெட்டியின் மகள், பத்தொன்பது வயது. எங்கள் பெண்களில் மூத்தவளான சுலியெட்டி அவளுக்குத் தேங்காயெண்ணெயைத் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் வழிய வழியப் பூசியிருந்தாள். கெலெபி பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பாட்டைப் போட்டான். அவள் கையை விரித்ததும் கூட்டம் எழுந்து போக ஆரம்பித்தது.

ஆஸ்திரேலிய நோட்டு பிளாஸ்டிக். எண்ணெயில் நிற்காது, வழுக்கும். அதனால் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்துவார்கள், அப்படியும் அவள் இடுப்பு அசைந்ததும் பாயில் விழுந்துவிடும். அதற்கும் ஒரு சிரிப்பு எழும். காலையில் என்னிடம் திரும்பி வந்த அதே ஐம்பதை எடுத்துக்கொண்டு போனேன். வேண்டுமென்றேதான். கடைக்காரி வேண்டாமென்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீராகட்டும் என்று ஒரு வீம்பு. அவளுடைய வலது தோளில் வைத்தேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் திரும்பினாள், குனிந்தாள், நோட்டு அசையவில்லை.

"மனாசே காசைப் பாருங்கடா! கோந்து போட்ட மாதிரி நிக்குது!" என்று ஃபெலெட்டி கத்தினான்.

"கஞ்சன் காசுல்ல, அது எங்க எறங்கும்?" என்றாள் சுலியெட்டி.

ஹாலே சிரித்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆண்டவர் நம் காசை ஏற்றுக்கொண்டார் என்றுகூட நினைத்தேன். போய் உட்கார்ந்தேன்.

பாட்டின் இரண்டாவது அடி முடிவதற்குள் என் நோட்டின் ஓரம் கறுத்தது. பிறகு மஞ்சள் மங்கியது. பொரித்த மீனைச் சுற்றின காகிதம் எப்படி எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகுமோ, அப்படி ஆகிக்கொண்டு வந்தது. நோட்டுக்கு அடியில் லோசலினேயின் தோல் தெரிந்தது. பிளாஸ்டிக் எண்ணெய் குடிக்காது. இதைச் சொல்லித்தர யாரும் வேண்டாம். கடைக்காரியின் கட்டைவிரல் நகம் அப்போதுதான் என் மண்டையில் சுரண்டியது.

என் கண் சார்ஜென்ட்டின் மேல் போனது. அவர் ஒரு எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். லோசலினே அவரிடமிருந்து ஐந்தடி தூரத்தில் ஆடினாள்.

கள்ள நோட்டு என்று ஒரு வழக்கு வந்தால் விசா அன்றைக்கே போகும். அடுத்த பருவத்துக்கும் கூப்பிட மாட்டார்கள், அதற்கடுத்ததற்கும் மாட்டார்கள். ஊரில் நாலு பிள்ளைகள். எரிமலைச் சாம்பல் மழையிலும் கடல் பேரலையிலும் போன வீட்டுக்குப் பாதிச் சுவர்தான் எழும்பியிருக்கிறது. எனக்கு வேறு தொழில் தெரியாது. ஐம்பது கிலோ குலையைத் தோளில் வாங்கத் தெரியும், அவ்வளவுதான். மேலும் காலையில் ஒருத்தி அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். தெரிந்தே ஒட்டினான் என்று சொல்ல அது ஒன்று போதும்.

எப்படியாவது அதை எடுத்துவிட வேண்டும்.

எங்கள் ஆட்டத்தில் நடுவில் ஆடுகிறவளைச் சுற்றி யார் வேண்டுமானாலும் கோமாளி மாதிரிக் குதிக்கலாம். அவள் அழகை எடுத்துக் காட்டத்தான் அது. நான் ஒருநாளும் குதித்ததில்லை. அன்றைக்கு எழுந்து, முழங்காலை மடக்கி, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

"ஐயோ, வாழைமரமே ஆடுது!" ஃபெலெட்டிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மொதலாளி, இவனுக்குச் சம்பளம் ஒசத்துங்க, இல்லேன்னா தினமும் ஆடுவான்!" என்று யாரோ கத்தினார்கள்.

முதலாளி ஒன்றும் புரியாமலே சிரித்தார். நான் இடது பக்கம் சுற்றி, வலது பக்கம் வந்து, லோசலினே முதுகு காட்டிய நேரத்தில் விரலை நீட்டி நோட்டின் ஓரத்தைப் பிடித்தேன். அது சுலபமாக வரவில்லை. ஈரத்தில் ஊறிய காகிதம், பாதி கிழிந்து பாதி கையில் வந்தது. மீதியையும் உரித்தேன்.

சிரிப்பு நின்றது.

"ஏய்!" என்று சுலியெட்டி எழுந்தாள். "ஆடுற புள்ள மேலருந்து காசை எடுக்குறான்! மனாசே! உனக்கு வெக்கமில்ல?"

எங்கள் ஜனங்களிடம் இதற்கு மேல் ஒரு கேவலம் இல்லை. தேவாலயத் தட்டில் கை வைத்தவனைக்கூட ஒருநாள் மன்னிப்பார்கள். கெலெபி பாட்டை நிறுத்தினான். லோசலினே மட்டும் கையை விரித்தபடி, முகத்தில் சிரிப்பு மாறாமல் அப்படியே நின்றாள். பாட்டு நின்றாலும் ஆடுகிறவள் கையை இறக்கக் கூடாது.

டாயில் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "என்ன நடக்குது?"

கையிலிருந்ததைக் கசக்கி வாயில் போட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. திருடன் என்று பெயர் வரும், ஆனால் விசா இருக்கும். என் மூத்த மகளுக்கும் லோசலினே வயதுதான். அவள் ஆடும்போது எவனாவது இப்படி உரித்திருந்தால் நான் அவன் கையை ஒடித்திருப்பேன்.

நான் போய் அந்த இரண்டு துண்டையும் அவர் தட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் வைத்தேன்.

"இது நான் ஒட்டினது. கள்ள நோட்டு."

டாயில் தொடாமல் குனிந்து பார்த்தார். "எங்க கிடைச்சுது?"

"கெலெபிகிட்ட வாங்கினேன்."

"கள்ள நோட்டுன்னு எப்போ தெரியும்?"

"இப்போதான். ஆனா காலையில கடைக்காரப் பொண்ணு இதைத் திருப்பிக் குடுத்துச்சு."

அவர் நிமிர்ந்தார். "அப்புறமும் இங்க கொண்டுவந்து ஒட்டினியா?"

"அவ எங்களைத்தான் சந்தேகப்படுறான்னு நெனச்சேன். நோட்டைன்னு நெனைக்கல."

அவர் என்னைத் தாண்டி கெலெபியைப் பார்த்தார். கெலெபி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். அவன் பொய் சொல்லும்போது வருகிற சிரிப்பு அது, அவன் அக்காவோடு இருபது வருஷம் வாழ்ந்த எனக்குத் தெரியாதா.

"நான் குடுத்தது காசினோவுல வாங்கின நோட்டு, சார்ஜென்ட். நல்ல நோட்டு. அவன் வேற எங்கயோ மாத்தியிருக்கான்."

"காசினோ கவுண்டர்ல ஒவ்வொரு நோட்டையும் மெஷின்ல விட்டுத்தான் குடுப்பாங்க" என்றார் டாயில். "அங்கருந்து இது வராது."

"அதான் சொல்றேன். நான் குடுத்தது இது இல்ல. மச்சான் ஏன் என்னைக் கோத்து விடுறாருன்னு தெரியல."

மச்சான் என்று அவன் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. யாரோ ஒருவர் 'ச்சே' என்றார். அது எனக்குத்தான்.

டாயில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "வேற யாரு இவர்கிட்ட வாங்கினீங்க? எடுத்துக் காட்டுங்க."

பதினைந்து பேருக்கு மேல் வாங்கியிருந்தோம். ஒரு கையும் எழவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் எனக்கும் தெரியும். கள்ள நோட்டென்று போலீஸ் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொண்டதுதான், பதிலுக்கு ஒரு சென்ட்டும் வராது. ஐம்பது டாலர் என்றால் மழையில் ஒன்றரை மணி நேரம் குலை சுமக்க வேண்டும். அவரவர் தட்டைப் பார்த்தார்கள். என் கண்ணில் பட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தலையைத் திருப்பினார்கள். போதகரும் பைபிளைத் திறந்து எதையோ தேடினார்.

டாயில் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "உன் முழுப் பேரு?"

சொன்னேன். அவர் எழுதத் தொடங்கினார். அவருடைய பேனா எழுத எழுத என் வீட்டுச் சுவர் ஒவ்வொரு கல்லாக இறங்குகிற மாதிரி இருந்தது.

"மனாசே மாமா" என்றாள் லோசலினே.

அவளை எல்லோரும் மறந்திருந்தோம். இன்னும் கையை விரித்தபடிதான் நின்றாள்.

"எனக்குக் கை வலிக்குது. இறக்கலாமா? இதெல்லாம் பிஞ்சு வருது."

அப்போதுதான் பார்த்தோம். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க எண்ணெய் தன் வேலையைச் செய்திருக்கிறது. நல்ல நோட்டெல்லாம் எப்போதோ வழுக்கிப் பாயில் கிடந்தது. அவள் மேல் விழாமல் நின்றவை ஏழோ எட்டோ. இடது தோளில், கழுத்துக்குக் கீழே, முழங்கையில். எல்லாம் மஞ்சள் போய்க் கண்ணாடியாகித் தோலோடு தோலாகக் கிடந்தன.

சுலியெட்டி வாயைப் பொத்தினாள்.

டாயில் எழுதுவதை நிறுத்தினார். கிட்டே போய் அவளுடைய இடது தோளைக் காட்டினார். "இது யாரு ஒட்டினது?"

"இதுவா? இது அப்பா." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "இது சோசாயா மாமா. முழங்கையில இருக்கிறது சுலியெட்டி சித்தி."

ஃபெலெட்டி மெதுவாக எழுந்தான். சிரித்துச் சிரித்துச் சிவந்த கண் இன்னும் அப்படியே இருந்தது. பர்ஸை எடுத்து, உள்ளே மிச்சமிருந்த மூன்றையும் உருவி, நாற்காலியில் என் துண்டுகளோடு வைத்தான்.

"கெலெபிகிட்டதான் வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலையில." பிறகு என்னைப் பார்க்காமலே, "முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றான்.

அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நானும் என்னிடம் மிச்சமிருந்த ஐந்தை எடுத்து வைத்தேன். சுலியெட்டி வைக்கும்போது கெலெபியின் பக்கம் திரும்பி, "இந்தக் காசுல தொட்டி கட்டி நீயே தண்ணி குடி" என்றாள். டாயில் காகிதத் துணியால் லோசலினேயின் மேல் இருந்தவற்றை ஒவ்வொன்றாக உரித்து ஒரு பையில் போட்டார். என்னிடம் வந்து, "திங்கட்கிழமை வந்து நடந்ததை எழுதிக் குடு. உன் பேர்ல ஒண்ணும் வராது" என்றார். எனக்கு உடனே உட்கார வேண்டும்போல் இருந்தது.

உட்காரவில்லை. வாசலுக்குப் போனேன். கெலெபி கூரையின் கீழே நின்று வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"யாருடா குடுத்தான்?"

"கார் நிறுத்துற இடத்துல ஒருத்தன். என் காசை மாத்தணும், கவுண்டர்ல அடையாள அட்டை கேக்குறாங்க, நீ நாலாயிரம் குடு, நான் ஐயாயிரம் தரேன்னான்." அவன் மழையைப் பார்த்துச் சொன்னான். "ஆயிரம் சும்மா வருதேன்னு நெனச்சேன். அந்த ஆயிரத்துல கொஞ்சம் உள்ள போய் மெஷின்ல விட்டேன். துப்பிடுச்சு."

"எத்தனை தடவை?"

"நாலு தடவை."

"அப்புறமும் எங்களுக்குக் குடுத்த."

"வேற என்னத்தைக் குடுப்பேன், மச்சான்? உங்க காசு அவன்கிட்ட போயிடுச்சு."

டாயில் வெளியே வந்து தன் காரின் பின்கதவைத் திறந்தார். விலங்கெல்லாம் போடவில்லை. "வா, ஸ்டேஷன்ல பேசலாம்" என்றார். கெலெபி ஏறி உட்கார்ந்தான்.

என் போன் அடித்தது. ஊரிலிருந்து என் மனைவி அனாசெய்னி. நான் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காதில் வைத்தேன்.

"பார்த்துட்டுத்தான் இருந்தோம்" என்றாள். யாரோ ஒரு பெண் ஆட்டத்தைப் போனில் நேரலையாக விட்டிருந்தாள். எங்கள் தெருவே ஒரு வீட்டில் கூடி அதைப் பார்த்திருக்கிறது. "நீ குதிச்சதையும் பார்த்தேன். அவன் பேரைச் சொன்னதையும் கேட்டேன்."

"நான் சொல்லலேன்னா..."

"நான் ஒண்ணும் கேக்கல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அவன் எங்க?"

"சார்ஜென்ட் கார்ல ஏறிட்டான்."

"தனியாவா?"

"ம்."

அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

"அப்ப நீ அங்க எதுக்கு நிக்குற?" என்றாள்.

நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்க் காரின் மறுபக்கக் கதவைத் தட்டினேன். டாயில் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பிறகு பூட்டைத் திறந்துவிட்டார். கெலெபி இருக்கையின் நடுவில் உட்கார்ந்திருந்தான். என் கையிலிருந்து தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. முதலில் அவன் நகரவில்லை. நான் நனைந்துகொண்டே நின்றேன். பிறகு காலை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தான்.