அக்கா பார்க்கப் பார்க்க ஏறிய விலை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது வயிற்றெரிச்சலில் பிறந்த கதை. என் புனைபெயரில் ஓர் இணையதளம் தொடங்கப் போனேன். அந்தப் பெயரை யாரோ முன்பே பதிவு செய்து, விற்பனைக்கு என்று போட்டு வைத்திருந்தார். விலையைப் பார்த்ததும் தலை சுற்றியது. பேரம் பேச நேரிலேயே போய்விட்டு வந்து, ஆளை நார் நாராகக் கிழிப்பது என்று எழுத உட்கார்ந்தேன்.

‘அவன் ஒரு பெயர்த் திருடன்.’ அடித்துவிட்டேன். (திருடவில்லை, சட்டப்படி வாங்கியிருக்கிறார். அதுதான் கடுப்பு.)

‘நூற்றுக்கணக்கான பெயர்களை வைத்திருந்தும் ஒரு நல்ல பெயர்...’ சீ, மேடைப் பேச்சு.

2

வியாபாரி என்றே வைத்துக்கொள்வோம். சின்ன அறை, இரண்டு திரை, ஆறிப்போன காபி. [எல்லாக் கதையிலும் காபி ஆறித்தான் தொலைகிறது. எடுத்துவிடுகிறேன்.] யாராவது வருடப் பணம் கட்டிப் புதுப்பிக்க மறந்துவிட்ட இணையப் பெயர்களை அவருடைய மென்பொருள் தானாகவே கொத்திக்கொண்டு வந்துவிடும். விற்பனைப் பக்கத்தை ஒருவர் திரும்பத் திரும்ப வந்து பார்த்தால் அவருக்கு அது தேவை என்று அர்த்தம். பார்க்கப் பார்க்க விலை ஏறும். அவரே செய்துவைத்த ஏற்பாடு, அதில் அவருக்குப் பெருமை வேறு. (நானும் தினம் போய்ப் பார்த்தவன்தான்.)

தொழில் அலுத்துப்போய், மொத்தப் பெயர்களையும் ஒரே ஆளிடம் தள்ளிவிடப் பார்த்தார். வாங்க வந்தவர் யார் யார் வந்து பார்த்தார்கள் என்ற கணக்கைப் புரட்டி, ஒரு பெயரில் விரலை வைத்தார்.

“இது ஒண்ணுக்காகத்தான் சார் இந்த வெல. தெனமும் காலைல யாரோ வந்து பாக்கறாங்க. எவ்வளவு சொன்னாலும் வாங்குவாங்க. இத எடுத்துட்டீங்கன்னா நான் பாதிதான் குடுப்பேன்.”

வியாபாரி அந்தப் பெயரை அப்போதுதான் கவனித்துப் படித்தார். அது அவருடைய அக்காவின் தையல் கடைப் பெயர்.

3

வந்தவரிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டார். பேச வாயெடுத்தார். அவள் விட்டால்தானே?

“நல்லவேள, நீயே கூப்பிட்ட! உனக்குக் கம்ப்யூட்டர் வேலதானே? என் கட பேர நெட்டுல எவனோ படுபாவி புடிச்சு வெச்சிருக்கான்டா. பணம் கட்ட மறந்துட்டேன், என் தப்புதான். ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் பூரா அதுலதான் வரும். இந்த வருஷம் போச்சுன்னா கடைய மூடிட வேண்டியதுதான். வெல எறங்குமான்னு தெனமும் கட தெறந்ததும் பாக்கறேன். ஏறிக்கிட்டே போகுது.”

“பாக்காதக்கா.”

“பாக்காம?”

[அக்காதான் தைத்துத் தைத்து அவரைப் படிக்கவைத்தாள் என்று ஒரு வரி சேர்த்தால் உங்களுக்குக் கண் கலங்கும். சேர்க்க மாட்டேன். படிக்கவைக்காத அக்காவாக இருந்தாலும் வெட்கம் வெட்கம்தான்.]

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. இதை நாசூக்காக எழுதப் பார்த்தேன், வரவில்லை.

4

முடிவுகள்.

“நான்தான்க்கா அந்தப் படுபாவி” என்று சொல்லிப் பெயரைத் திருப்பிக் கொடுக்கிறார். எழுதிப் பார்த்தேன். ஆள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

அல்லது மூச்சு விடாமல் விற்றுவிடுகிறார். இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அல்லது, “அவன்கிட்ட பேசி எறக்கிட்டேன்” என்று புளுகிவிட்டுச் சும்மா கொடுக்கிறார். “வயித்துல பால வார்த்தடா” என்று அக்கா ஊரெல்லாம் தம்பி புராணம் பாடுகிறாள். மூன்றில் இதுதான் கொடுமை. [நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன். கிழிக்க உட்கார்ந்தவன் பேசுகிற பேச்சைப் பாருங்கள்!]

ஆனால் அக்கா இன்னும் போனை வைக்கவில்லை.

“நீ பேசுடா அவன்கிட்ட. நம்பர் கெடச்சா எனக்கும் குடு. சத்தியமா திட்ட மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். உன் கூடப் பொறந்தவளா இருந்தா இப்படிப் பண்ணுவியான்னு.”

பேரம் பேசப் போன அன்று இவ்வளவும் சொன்னவர், இதற்கு என்ன சொன்னார் என்று மட்டும் என்னிடம் சொல்லவில்லை. குனிந்த தலை நிமிரவே இல்லை, நானும் கேட்கவில்லை. அக்கா லைனில்தான் இருக்கிறாள், நீங்கள் சொல்லுங்கள்.