ஊருக்குப் போன பூனை

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் செத்தது க்ளெபோன். நான்கு வயது கினந்தியின் பூனை. அதைக் கொல்லையில் பப்பாளி மரத்தடியில் புதைத்துவிட்டு வந்த சுரோத்தோ, மகளிடம், "க்ளெபோன் பெருநாளுக்கு ஊருக்குப் போயிருக்கும்மா" என்று சொல்லிவிட்டான்.

ஜாவாவின் செமாராங் நகரில் பாதிப் பேர் அந்த வாரம் ஊருக்குத்தான் போயிருந்தார்கள். சந்தில் வரிசையாகப் பூட்டிய வீடுகள். குழந்தை உடனே நம்பியது. பெருநாள் சோற்றுக்காகத் தென்னங்குருத்துப் பின்னலில் அரிசி நிரப்பிக்கொண்டிருந்த அவன் மனைவி ரத்மியும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள், கையில் தின்பண்டத்தோடு வருவார்கள் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

பத்தாம் நாள் பூட்டுகள் திறந்தன. கினந்தி சந்து முனையில் போய் நின்றுகொண்டாள். பை தூக்கி வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி.

"க்ளெபோன் உங்க பஸ்ல வந்துச்சா?"

"அதுக்கு சீட்டு கெடைக்கலடி" என்றாள் பக்கத்து வீட்டு தார்சி. "பொறத்தால நின்னுக்கிட்டு வருது."

"ஏன்க்கா, உனக்கு வேற வேலையே இல்லையா?" ரத்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று நாளாக இதே கூத்து. வெயிலில் நின்று குழந்தைக்கு உடம்பு சுட்டது. சோற்றைத் தொடவில்லை.

"நீங்களே சொல்லித் தொலைங்க. ஆரம்பிச்சு வச்சது நீங்கதான?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றான் சுரோத்தோ.

"எந்த நாளைக்கு? இன்னும் ரெண்டு நாள் போனா மரவள்ளி வறுவலு வேற நான் வாங்கி, ஊர்லேர்ந்து பூனை குடுத்துவிட்டுச்சுன்னு சொல்லணுமா?"

ரத்மி போய்க் குழந்தையைத் தூக்கி வந்து அவன் முன்னால் உட்கார வைத்தாள்.

"கண்ணு, க்ளெபோன் செத்துப்போச்சு. வண்டியில அடிபட்டுச்சு" என்று அவளே சொன்னாள்.

கினந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பொய்யி. ஊருக்குப் போயிருக்கு. அப்பா சொல்லிச்சு."

"அப்பா சொன்னதுதான் பொய்யி. நானும் பேசாம இருந்துட்டேன்."

"நீ இப்பச் சொல்றதுதான் பொய்யி!"

இனி எதைச் சொல்லி நம்பவைப்பது? ரத்மி புருஷனை முறைத்தாள். அவன் எழுந்து, மகளின் கையைப் பிடித்துப் பப்பாளி மரத்தடிக்குக் கூட்டிப்போனான். மண் இன்னும் மேடாகவே இருந்தது.

"இங்கதான் இருக்கா?"

"இங்கதான்."

"கண்ண மூடிக்கிட்டா?"

பின்னாலேயே வந்த ரத்மி பல்லைக் கடித்தாள். இப்போதும் ஏதாவது கதை விடுவான் என்று பயந்தாள்.

"ஒரு கண்ணு மூடியிருந்துச்சு" என்றான் சுரோத்தோ. "இன்னொண்ண நான்தான் மூடிவிட்டேன்."

கினந்தி அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவன் காலைக் கட்டிக்கொண்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி அழ ஆரம்பித்தாள்.