முபீனா பார்த்த சுளை

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார் பண்ருட்டி லியாக்கத் அலி. முப்பது வருஷ வியாபாரத்தில் தன் பழம் சொத்தை என்று அவர் ஒத்துக்கொண்டதே கிடையாது. வாங்கினவன் திருப்பிக் கொண்டுவந்து காட்டினாலும், "நீ வச்ச இடம் சரியில்ல" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர், மகள் கேட்டாள் என்பதற்காகப் பன்னிரண்டு கிலோப் பழத்தைச் சுமந்துகொண்டு சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார்.

மகள் முபீனா அங்கே எம்.ஆர்.ஐ. பிரிவில் இன்ஜினியர். முதுகை முழுசாக அளந்து படம் எடுக்க மெஷினுக்கு நாற்பது நிமிஷம் ஆகும். முபீனா அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கால்வாசி மட்டும் அளந்து, மீதியைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும்படி செய்திருந்தாள். உடம்புக்குள் எதுவும் கன்னாபின்னாவென்று இருப்பதில்லை, அதனால் கொஞ்சம் அளந்தாலே போதும் என்பது அவள் கட்சி. பத்தே நிமிஷம்.

புவனகிரியிலிருந்து வந்த நோயாளி மங்கலத்துக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் வேண்டியிருந்தது. மல்லாந்து படுத்தால் கால் மணி நேரத்தில் மூச்சு முட்டிவிடும். இரண்டு தடவை பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். படம் இல்லாமல் முதுகு ஆபரேஷன் இல்லை.

ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டரம்மா ராமாமிர்தம் மசியவில்லை. "அளக்காத இடத்த கம்ப்யூட்டர் இஷ்டத்துக்கு வரைஞ்சு குடுத்தா? அத நம்பி நான் எப்படிம்மா கத்தி வைக்கிறது?"

அதற்குத்தான் பலாப்பழம். மனுஷரை வெட்டிச் சரிபார்க்க முடியாது, பழத்தை வெட்டலாமே.

பத்து நிமிஷத்தில் படம் வந்தது. சுளை சுளையாக, கொட்டை கொட்டையாகத் தெரிந்தது. லியாக்கத் அலி வாயைப் பிளந்து பார்த்தார். காம்புக்குக் கீழே மூன்றாவது சுளையில் மட்டும் ஒரு கருப்பு.

"பாத்தியா, இல்லாதத வரைஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "ஏன் பாய், உங்க பழத்துல சொத்தை இருக்குமா?"

"எம் பழத்துலயா? சான்ஸே இல்லம்மா! நானே தட்டிப் பாத்து எடுத்தது."

நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டுத் திரும்பினால், மகளின் முகம் வெளுத்திருந்தது. தன் வாயாலேயே அவள் வேலையைப் பொய் என்று சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

முபீனா தலை குனியவில்லை. "இருக்கு அத்தா. வெட்டுங்க."

மெஷின் காந்தம் கத்தியை இழுத்துவிடும் என்பதால் தள்ளி, வராந்தாவில் பேப்பர் விரித்தார்கள். லியாக்கத் அலி கையில் எண்ணெய் தடவிக்கொண்டார். யா அல்லாஹ், இந்த ஒரு பழமாவது சொத்தையாக இருக்கணும். வாழ்நாளில் இப்படி ஒரு துஆ அவர் கேட்டதில்லை.

மூன்றாவது சுளையைப் பிளந்தார். கொட்டைக்குப் பக்கத்தில் கருத்துப்போய், ஒரு புழு நெளிந்தது.

டாக்டர் படத்தையும் சுளையையும் மாறி மாறிப் பார்த்தார். அதே இடம், அதே அளவு. "மங்கலத்த உள்ள கூப்பிடும்மா" என்றார்.

பத்து நிமிஷம் கழித்து மங்கலம் வெளியே வந்து, "அவ்ளோதானா?" என்று நம்பாமல் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல விடாமல் வராந்தா முனையில் ஒரே சத்தம். லியாக்கத் அலி பண்ருட்டி மண்டிக்குப் போன் போட்டிருந்தார்.

"மச்சான், எம் பழம் சொத்தை! ஆமாய்யா, நாந்தான் சொல்றேன், சொத்தை! தட்டித் தட்டிப் பாத்த எனக்குத் தெரியல. வெட்டாமயே கண்டுபுடிச்சிட்டா எம் பொண்ணு! ஸ்பீக்கர்ல போடு, எல்லாரும் கேக்கட்டும்!"