குரலுக்கே இருபது

திருப்பதி பஸ்ஸில் கண்டக்டரான துளசிங்கம், ஓய்வு நாளில் மகள் பிரியங்காவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். மந்திரவாதிகளும் அரக்கர்களும் உலவும் அந்த விளையாட்டில் அவர் ஒருநாளும் சண்டைக்குப் போனதில்லை. புதுப்புது ஆட்களைப் படைப்பதோடு சரி. ஆளுக்கு இருபது புள்ளிகள். வலிமைக்குக் கொஞ்சம், அறிவுக்குக் கொஞ்சம் என்று கிள்ளிக் கிள்ளிப் பகிர்ந்து வைப்பார்.

அன்று காலை படைத்த பெண்ணுக்கு மட்டும் இருபதையும் குரலுக்கே கொடுத்துவிட்டார். அவர் பஸ்ஸில் நகரி ஊர் தாண்டியதும் ஜன்னலோரம் தனக்குள் பாடிக்கொண்டு வரும் ஒரு பயணியின் முகம் அவளுக்கு.

"இன்னா நைனா, இவ பாடிகினே செத்துடுவா. குடு, நான் ஆடிக் காட்றேன்," என்றாள் பிரியங்கா.

காட்டில் ஓநாய் ஒன்று எதிர்ப்பட்டது. பிரியங்கா அவளை வெறுங்கையோடு அதனிடம் சண்டைக்கு விட்டாள். ஓநாயின் ஒரே பாய்ச்சலில் அவள் விழுந்தாள். துளசிங்கம் திரையை நோக்கிக் குனிந்தார்.

"ஐயோ, போய்ட்டாளா?"

"இல்ல நைனா. அந்த மரத்தாண்ட எழுந்து வருவா பாரு."

எழுந்து வந்தவளைத் துளசிங்கம் தானே மெல்ல நடத்திக்கொண்டு போனார். ஓநாய் உறுமியது. அவளைப் பாட விட்டார். சொற்களே இல்லாத பாட்டு. ஓநாய் காதை மடித்துப் புல்லில் படுத்தது.

"இப்ப எங்க போறா?"

"தெரியலம்மா. போவட்டும்."

காட்டின் பனிமூட்டத்துக்குள் அவள் பாடிக்கொண்டே போனாள். பகல் சாப்பாட்டை மறந்து இருவரும் அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்கள்.