எட்வினா வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. மே மாதம் நடந்தது என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று எட்வினா வீட்டு வாசலில் ரோஜா பூத்திருந்தது என்று எல்லோரும் சொல்வதால் ஜூனாகத்தான் இருக்க வேண்டும். மழை பெய்ததா இல்லையா என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி. அங்கே இல்லாதவர்கள்தான் இந்தக் கதையை நன்றாகச் சொல்கிறார்கள். ஆனால் எட்வினா ஸ்ட்ரேக்கின் மனதில் அன்று என்ன ஓடியது என்பதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதை மட்டும் நம்பலாம்.

எட்வினாவுக்கு அப்போது ஐம்பது கடந்திருந்தது. மார்ல்பிரிட்ஜ் நகர நூலகத்தில் வேலை, பக்கத்துக் கிராமமான பிராம்பிள்டனில் வீடு. தேவாலயத்துக்கு எதிர்வரிசையில், வைக்கோல் வேய்ந்த கூரையோடு, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு வீடு. அதில் ஒரு பியானோவையும் வைத்திருந்தாள். சுருதி சேர்க்க நகரத்திலிருந்து கில்பர்ட் நோக்ஸ் வருவார். மனைவியை இழந்தவர். அளந்துகூடப் பேசமாட்டார், அவ்வளவு குறைவாகப் பேசுவார்.

பியானோவுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை சுருதி சேர்த்தால் போதும். எட்வினாவின் பியானோவில் மட்டும் சுருதி மாதாமாதம் கலைந்தது. எப்படிக் கலைகிறது என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வேலை முடிந்ததும் டீ. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே கல்லறைத் தோட்டத்தில் காக்கைகள் சண்டை போடும். வெளிச்சம் சரியும். "அப்ப வரேன், மிஸ் ஸ்ட்ரேக்" என்பார். "வாங்க, மிஸ்டர் நோக்ஸ்" என்பாள். ஒன்பது வருஷம் இப்படியே போயிற்று. அதைவிட நல்ல பேச்சுத்துணை எட்வினாவுக்கு வாழ்க்கையில் அமைந்ததில்லை.

போன முறை வந்தபோது அவர் கருவிகளைத் துடைத்துக்கொண்டே, வடக்கே ஸ்காட்லாந்து எல்லைப் பக்கம் இருக்கும் அக்காவோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார்.

"நல்லதுதான். அங்கே காத்து நல்லா இருக்கும்" என்றாள் எட்வினா. சமையலறைக்குப் போய், கழுவி வைத்த கோப்பையையே மறுபடி கழுவினாள். திரும்பி வந்து, ஊருக்குக் கிளம்பும் அன்று டீக்கு வரச் சொன்னாள். ஐந்து மணி பஸ்தான் கடைசி பஸ். அதைப் பிடித்தால்தான் அவருக்கு ரயில். அதற்கு முன்னால் அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. போகாதீங்க. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பூனையிடம் சொல்லிப் பார்த்தாள். பூனை போய்விட்டது.

இங்கே ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிராம்பிள்டன் பழைய ஊர். எவ்வளவு பழசு என்று லவினியா க்ரௌச்சைக் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வாள் என்பதால் யாரும் கேட்பதில்லை. ஊரின் பழமையைக் காக்கும் குழுவுக்கு அவள்தான் தலைவி. தெருவைப் பார்த்த கதவு எல்லாம் ஒரே பச்சை. எந்த வாசலிலும் பெயர்ப்பலகை கூடாது. டாக்டர் வீட்டுக்கும் கிடையாது, தேநீர் விடுதிக்கும் கிடையாது. ஊர்க்காரர்களுக்கு எது எதுவென்று தெரியும். மற்றவர்கள் ஏன் வர வேண்டும் என்பது லவினியாவின் கட்சி.

அன்று மத்தியானம் வடக்கே லீட்ஸ் நகரத்திலிருந்து ஒரு சுற்றுலா பஸ் வந்தது. புல்தரையில் பந்து உருட்டி ஆடும் சங்கத்து ஆட்கள், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். தேநீர் விடுதி எங்கே என்று கேட்டதற்கு டிரைவர், "சர்ச்சுக்கு எதிர்ல, பச்சைக் கதவு, வாசல்ல ரோஜா" என்றிருக்கிறான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அந்த வரிசையில் எல்லா வீடும் அப்படித்தான். அதில் ஒரு கதவுதான் திறந்திருந்தது. கில்பர்ட்டுக்காக எட்வினா திறந்து வைத்த கதவு.

உள்ளே மேஜைமேல் விரிப்பு, பூ, கேக், மலைமலையாக ஸ்கோன் ரொட்டி. பதற்றம் வந்தால் எட்வினாவுக்குக் கை சும்மா இருக்காது. விடியற்காலையிலிருந்து சுட்டுத் தள்ளியிருந்தாள்.

"அப்பாடா, நம்ம கால் பிழைச்சுது" என்றபடி முதலில் நுழைந்தவள் டோரீன் ஆக்ராய்ட். நல்ல ஆகிருதி. பின்னால் அவள் கணவன் சிரில், அவன் பின்னால் சங்கம் முழுவதும். நெருக்கியடிக்காமல் வரிசையில் வந்து சோபாவில், நாற்காலிகளில், பியானோ ஸ்டூலில், மாடிப்படியில் அமர்ந்தார்கள்.

சமையலறையிலிருந்து எட்வினா எட்டிப் பார்த்தாள். இது என் வீடு என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் இந்த நல்ல மனிதர்களுக்கு எவ்வளவு அவமானமாக இருக்கும்! வாய் திறந்தது. அதிலிருந்து வேறு என்னவோ வந்தது.

"பால் ஊத்தவா?"

"ஊத்து கண்ணு, தாராளமா ஊத்து" என்றாள் டோரீன். "அடடா, வீடு மாதிரியே வச்சிருக்கியே கடையை! சிரில், அந்தத் திரைச்சீலையைப் பாரு."

"கால் வலிக்குதுடி. நான் எதையும் பாக்கல."

கில்பர்ட் வந்தபோது அவள் மூன்றாவது கெட்டிலை ஏற்றியிருந்தாள். பெட்டியும் கையுமாக வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். முகம் லேசாக வாடியது. கடை வைத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை என்று நினைத்திருப்பார். ஆனாலும் மரியாதை தெரிந்தவர். டீ வாங்க நின்றவர்களின் வரிசையில் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றார். முறை வந்ததும், "எனக்கு ஒரு டீ, தொந்தரவு இல்லேன்னா" என்றார்.

எட்வினா அவரைச் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள். ஒன்பது வருஷத்தில் அவரை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

"இவங்க யாருமே எனக்குத் தெரியாது, மிஸ்டர் நோக்ஸ்."

"தெரியாதா?"

"கடைன்னு நினைச்சு வந்துட்டாங்க."

"சொல்லலையா நீங்க?"

"எப்படிச் சொல்றது? உக்காந்துட்டாங்களே!"

அவர் ஒரு கணம் யோசித்தார். "ஆமா, உக்காந்தப்புறம் சொல்ல முடியாது" என்றார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவர் சிரிப்பார் என்றே அவளுக்குத் தெரியாது. அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் பாத்திரத் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அடுப்படியில் குனிந்து நின்றார்கள். நிமிர்ந்தபோது அவர் கோட்டைக் கழற்றிவிட்டு, ஆணியில் தொங்கிய ஸ்ட்ராபெர்ரிப் படம் போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டார்.

"ஜாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

இதோ, இப்போது சொல்லிவிடலாம். "மிஸ்டர் நோக்ஸ், நான் உங்களை வரச் சொன்னது—"

"கண்ணு, சுடுதண்ணி!" கதவில் டோரீனின் தலை.

கொடுத்துவிட்டு வந்தாள். "என்னன்னா, நீங்க அங்கே போறது—"

"ஏம்மா, பாத்ரூம் எந்தப் பக்கம்?" இது சிரில்.

மாடியைக் காட்டிவிட்டுத் திரும்பியபோது கில்பர்ட் தட்டுகளோடு கூடத்தில் இருந்தார். ஒரு கிழவியிடம் "இன்னொண்ணு எடுத்துக்கங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதேயில்லை. சுவர்க் கடிகாரம் ஐந்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் சிரிப்பும் கரண்டிச் சத்தமும். எட்வினா இன்னொரு கெட்டிலை ஏற்றினாள்.

அப்போதுதான் வாசலில் லவினியா க்ரௌச் வந்து நின்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"எட்வினா, என்ன இது? நடுவீட்ல கடை போட்டிருக்கியா? குழுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

உண்மையைச் சொன்னால் போதும், லவினியா போய்விடுவாள். ஆனால் வாயில் ஸ்கோனோடு இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கடை இல்லை, லவினியா. இவங்கள்லாம் என் சொந்தக்காரங்க."

"எல்லாருமா?"

டோரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். பியானோமேல் இருந்த குடும்பப் படங்களைப் பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் கிடந்த வீட்டுச் செருப்பைப் பார்த்தாள். அறையில் ஒரே ஒரு மேஜை இருப்பதையும் பார்த்தாள். கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்துபோனாள். அவளும் எழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் இந்தப் பெண்ணுக்கல்லவா சங்கடம்!

"நான் இவளுக்குச் சித்தி மக. லீட்ஸ்ல இருக்கேன்" என்றாள்.

"யாரு? நீயா?" என்றான் சிரில். டோரீன் அவன் காலை மிதித்தாள். "ஆமாமா. அப்ப நானும் சொந்தம். கட்டிக்கிட்டதால" என்றான் அவன்.

"நான் தாய்மாமன்" என்றது மாடிப்படியிலிருந்து ஒரு குரல்.

"நான் ரெண்டு வழியிலயும் உறவு" என்றாள் பியானோ ஸ்டூல் கிழவி.

லவினியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "ஒரு குடும்பமே பஸ் பிடிச்சு வந்திருக்காக்கும்?"

"பெரிய குடும்பம்மா. சில பேரை இன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்கறோம்" என்றாள் டோரீன்.

லவினியா சுலபத்தில் விடுகிறவள் இல்லை. அவள் கண் ஜாம் ஜாடியோடு நின்ற கில்பர்ட்மேல் போய் நின்றது.

"இவரு பியானோக்காரர்தானே? இவரும் சொந்தமா? சொந்தம் இல்லேன்னா பரிமாற நீ ஆள் வச்சிருக்கேன்னு அர்த்தம். ஆள் வச்சா அது கடைதான், எட்வினா. சொல்லு. இவரு உனக்கு என்ன வேணும்?"

எட்வினா கில்பர்ட்டைப் பார்த்தாள். மூக்கில் மாவு ஒட்டியிருந்தது. கண்ணாடி முன்னால் பழகிய வார்த்தை எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"சொந்தமா?" என்றாள் மெதுவாக. "இன்னும் இல்லை."

லீட்ஸ் சங்கம் மொத்தமும் காது கேளாதவர்களைப் போலத் தங்கள் கோப்பைக்குள் குனிந்துகொண்டது. ஒருவர் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரில் திரைச்சீலையை இப்போதுதான் கவனித்தான். லவினியாவுக்கே எந்த விதியைச் சொல்வதென்று தெரியவில்லை. வெளியே ஐந்து மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. இரண்டு தடவை அடித்தது. கில்பர்ட்டின் பெட்டி கதவோரம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு ஜாம் ஜாடியை வைத்துவிட்டு டீ கெட்டிலை எடுத்தார்.

"உக்காருங்க, மிசஸ் க்ரௌச்" என்றார். "பால் ஊத்தவா?"

லவினியா உட்கார்ந்துவிட்டாள். அவர் ஊற்றினார். ஜன்னலைத் தாண்டி பஸ் போயிற்று. ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று எட்வினா சொல்வாள். தட்டு முழுக்க டீ சிந்தியது என்று டோரீன் சொல்வாள்.

"பஸ் போயிடுச்சு போல" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

"போயிடுச்சு" என்றாள் எட்வினா.

"நாளைக்கும் ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு."

அவர் கெட்டிலை வைத்தார். "அதுவும் போகட்டும்."

ஒருவரும் கைதட்டவில்லை, ஒருவரும் எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. டோரீன் மட்டும் கைக்குட்டையில் பலமாக மூக்கைச் சிந்தினாள். புறப்படும்போது காசு கொடுக்க வந்தவர்களிடம் எட்வினா வாங்க மறுத்தாள். "தெற்கத்திக்காரங்க ஒரு மாதிரிதான்" என்று பஸ்ஸில் ஏறும்போது சிரில் சொன்னானாம். அவனுக்கு அப்போதும் அது கடையில்லை என்று புரியவில்லை.

அந்தச் செப்டம்பரில் எட்வினாவும் கில்பர்ட்டும் எதிரே இருந்த தேவாலயத்தில் மணந்துகொண்டார்கள். அதே சங்கம் அதே பஸ்ஸில் பெண் வீட்டாராக வந்தது. லவினியா இன்னும் ஒன்பது வருஷம் குழுத் தலைவியாக இருந்துவிட்டு, கண் மங்கியதும் நகரத்தில் இருந்த மகனிடம் போனாள். வடக்கே இருந்த அக்கா தம்பிக்காக ஒதுக்கிய அறையை ஒரு பள்ளி ஆசிரியைக்கு வாடகைக்கு விட்டாள். சிரில் எண்பத்தோராவது வயதில் லீட்ஸில் இறந்தான். டோரீன் ஹல் நகரத்தில் மகளோடு இருக்கிறாள். கில்பர்ட் பதினாறு வருஷம் அந்த வீட்டில் வாழ்ந்து, ஒரு பிப்ரவரியில் தூக்கத்தில் போனார். எட்வினா இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.