கோஸ் தொட்டியில் மரூஸ்யா

கார்கிவில் ஏவுகணை விழுந்தால் முதலில் தீயணைப்பு வண்டி வரும். அடுத்து விளக்குமாறு வரும். அந்த விஷயத்தில் எங்கள் கட்டடத்து ரயீசா மிரோனிவ்னாவை மிஞ்ச ஆளில்லை. மூன்றாம் மாடிக்காரி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எதிர் முற்றத்தில் ஏவுகணை விழுந்த அந்தக் காலையில், தன் சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடிகூட மிச்சமில்லை என்று தெரிந்ததும் அவள் செய்த முதல் வேலை உதட்டுச் சாயம் பூசிக்கொண்டது. அடுத்த வேலை, எங்கள் எல்லோரையும் கதவு தட்டித் தெருவில் இறக்கியது.

எங்கள் கட்டடம் ஜார் மன்னர்கள் காலத்தது. வாசலுக்கு மேலே சுதையில் வடித்த ஒரு பெண் முகம் இருந்தது, கூந்தலில் கசகசாப் பூக்களோடு. எங்களுக்கு அவள் மரூஸ்யா. பேர் வைத்தது யாரென்று தெரியாது. "வரேன் மரூஸ்யா" என்று சொல்லிவிட்டு வெளியே போகிறவர்கள் எங்களில் பாதிப் பேர். மீதிப் பேர் மனசுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அன்று வாசலுக்கு மேலே வெறும் செங்கல்தான் தெரிந்தது.

பெருக்கினோம், செல்லங்களே. வேறென்ன செய்வது? செங்கலையும் கண்ணாடியையும் வாரிக் குவித்தோம், லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. நடைபாதையில் தட்டு வைக்காமலே சாப்பிடலாம், அப்படிச் சுத்தம்.

அப்போதுதான் உஸ்தினா கேமரா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். போரில் அடிபட்ட பழைய கட்டடங்களைப் படம் எடுத்துப் பதிவு செய்கிற பெண். எங்கள் தெருவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"யாரு பெருக்கினது?"

"ஏன் மகளே, எங்கயாவது தூசி விட்டுட்டோமா?" ரயீசா உண்மையாகவே கேட்டாள்.

"அத்தை, விழுந்தது விழுந்த இடத்துலயே கிடக்கணும். அதைத்தான் நான் எடுக்கணும். அந்த முனையில சிப்பாய் என் அனுமதிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருந்தான், அதுக்குள்ள நீங்க…"

"போட்டோ எடுக்க வர்ற வீட்டைக் குப்பையா வெச்சிருக்கச் சொல்றியா? தலை சீவாம நீ போட்டோவுக்கு நிப்பியா?"

"பிணத்துக்குத் தலை சீவி விட்டுட்டுப் போலீசைக் கூப்பிடறவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன்!"

"யாருடி பிணம்?" ரயீசாவின் விளக்குமாறு நின்றுவிட்டது. "இந்த வீட்டுல யாரு பிணம்? நானா? அதோ நிக்கற கிழவனா?"

"என்னை ஏன் இழுக்கறே?" என்றார் ஹெனாதி. ஒரு காலத்தில் டிராம் ஓட்டியவர், தரைத்தளத்துக்காரர்.

உஸ்தினா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் போய்க் குரல் தேய்ந்திருந்தது. "வெள்ளிக்கிழமை பழைய கட்டடக் கமிட்டி உக்காருது. இந்த மனையைக் கேட்டு ஒரு கட்டுமானக்காரன் அலையறான். பழைய வேலைப்பாடு எதுவும் மிஞ்சலைன்னு எழுதிட்டா பாதுகாப்புப் பட்டியல்ல இருந்து எடுத்துடுவாங்க. அப்புறம் இடிச்சிடலாம். சுவர் மட்டும் நின்னா போதாது அத்தை, முகம் வேணும். அது லாரியில போயிடுச்சு."

ஹெனாதி சிரித்தார். "மரூஸ்யாவையா? லாரியிலயா?"

ரயீசா மாடியேறினாள். திரும்பி வந்தபோது கையில் எனாமல் தொட்டி. வருஷாவருஷம் இலையுதிர் காலத்தில் கோஸ் புளிக்கப் போடுவாளே, அதே தொட்டி. உள்ளே துண்டு விரித்து அதன்மேல் மரூஸ்யாவின் மூக்கும் ஒரு கன்னமும்.

"கழுவிட்டேன். சோப்பு போட்டு."

உஸ்தினா கண்ணை மூடிக்கொண்டாள். "சோப்பு போட்டு… சுதைக்குச் சோப்பு ஆகாது அத்தை."

"பின்னே, கரியோடயா வெச்சிருப்பேன்?"

ஹெனாதி குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்திருந்த தாடையை எடுத்து வந்தார். நான் என் உருளைக்கிழங்குப் பெட்டியிலிருந்து கசகசாப் பூக்கொத்தைக் கொண்டு வந்தேன். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பூனையை ஏந்துவது போலத் துண்டுகளை ஏந்திக்கொண்டு ஆட்கள் இறங்கினார்கள்.

"விழுந்த மாதிரியே தெருவுல பரப்பிடுவோம்," என்றார் ஹெனாதி. "மேல கொஞ்சம் தூசி தூவணும். ரயீசா வீட்டுல கிடைக்காது, என் வீட்டுல நிறைய இருக்கு."

"மாட்டேன்," என்றாள் உஸ்தினா. "அந்த ஒரு பொய்யை வெச்சு, நான் எடுத்த எல்லாப் படமும் பொய்னுடுவாங்க. இருக்கறதை இருக்கற மாதிரி எடுக்கறேன்."

வாசலுக்கு முன் படுக்கை விரிப்பை விரித்து முகத்தைச் சேர்த்தோம். இந்தத் துண்டு இடப் பக்கமா வலப் பக்கமா என்று சண்டை போட்டுப் போட்டுச் சேர்த்தோம். கடைசியில் இடது கண் மட்டும் இல்லை. எல்லா வீட்டிலும் தேடியாயிற்று. அந்தப் பக்கத்தைப் பெருக்கியது ரயீசாதான். ரயீசாவின் முகத்தைப் பார்க்க எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. கழுத்துத் துணியை அவிழ்த்து அந்த ஓட்டையை மூடப் போனாள். உஸ்தினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டை ஓட்டையாவே இருக்கட்டும் அத்தை."

பக்கத்தில் அளவுகோலை வைத்தாள். ஏணியில் ஏறி நேர் மேலேயிருந்து எடுக்கும்போது சைரன் ஊளையிட்டது. அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "போறவங்க போங்க. நிழல் விழாம போங்க," என்றாள். ஒருவரும் போகவில்லை. பிறகு வாசல் மேலே செங்கலில் ஒட்டியிருந்த உடைந்த விளிம்பையும் எடுத்தாள், துண்டுகளின் விளிம்போடு பொருத்திக் காட்டுவதற்கு.

வெள்ளிக்கிழமை அந்தப் படம் கதவளவு பெரிதாகக் கமிட்டி அறைச் சுவரில் நின்றது. பொருந்துகிற விளிம்புகளை உஸ்தினா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். கட்டுமானக்காரனின் ஆள், நல்ல கோட்டு போட்ட இளைஞன், எழுந்தான்.

"ஒரு கண்ணே இல்லையே. இதைப் போயா மிஞ்சியிருக்குன்னு சொல்றீங்க?"

பின்வரிசையிலிருந்து ரயீசா எழுந்தாள், உதட்டுச் சாயத்தோடு.

"உன்னைப் பாக்க ஒரு கண்ணு போதும் மகனே."

தலைமை வகித்த அம்மாள் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டாள். இடிக்கக் கூடாது என்று எழுதினார்கள். எப்போது பழுதுபார்ப்பது என்று எழுதவில்லை. அதைக் கேட்க யாரும் எழவுமில்லை.

எங்கள் ஜன்னல்களுக்கு இப்போது ஒட்டுப்பலகைதான். மரூஸ்யா நிலவறையில், ரயீசாவின் தொட்டியில், விரிப்புக்குள் படுத்திருக்கிறாள். அதனால் இந்த வருஷம் ரயீசா கோஸ் போடவில்லை. "வாடகையும் இல்ல, வெக்கமும் இல்ல, படுத்திருக்கா பாரு," என்று படியிறங்கும்போதெல்லாம் எங்கள் காதில் விழத் திட்டுகிறாள். சனிக்கிழமைதோறும் உலர்ந்த தூரிகையோடு போய்த் தூசி தட்டிவிட்டு வருகிறாள். சோப்பு போடுவதில்லை.